செல்லக்கிளி நடந்த மூன்று மாதம்

செல்லக்கிளிக்குக் கைகள் இரண்டும் இன்னும் குமரிக் கைகள். கால்கள்தான் கிழவிக் கால்கள். அறுபத்தாறு வயதில் ஒருத்தியின் உடம்பு இப்படி இரண்டுபட்டுக் கிடப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். ஒன்பது வயதில் மடியில் முறத்தை, அவர்கள் பக்கத்துப் பேச்சில் சுளகை, வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தவள். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி, இருபத்தைந்து பீடியைச் சேர்த்தால் ஒரு கட்டு. ஐம்பத்தேழு வருஷமாக இதே வேலை. எழுந்தால் சோறு பொங்க, உட்கார்ந்தால் பீடி சுற்ற. விரல்கள் ஓடி ஓடித் தேறின. கால்கள் மடங்கிக் கிடந்தே பழகிப்போயின.

ஆழ்வார்குறிச்சியில் அவள் தெருவில் சுளகு இல்லாத வீடு கிடையாது. அடுத்த வீட்டு இன்பமணி அவளைவிட இரண்டு வயது மூத்தவள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம், அதில் ஒரு வேம்பு. அந்த நிழலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நாற்பது வருஷம் ஆகிறது. காலையில் ஒன்றுமில்லாததற்குச் சண்டை பிடிப்பார்கள், மத்தியானம் குழம்பை மாற்றிக்கொள்வார்கள். இன்பமணியின் மகன் கேரளத்தில் கொத்து வேலையில் இருந்தான். மருமகள் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லுக்கு ஷிப்ட் போகிறவள். பகல் முழுக்க இந்தக் கிழவிக்கு அந்தக் கிழவி, அந்தக் கிழவிக்கு இந்தக் கிழவி என்றுதான் ஓடியது.

போன கார்த்திகையில் ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்த செல்லக்கிளி, மரத்துப்போன காலை ஊன்றி, முற்றத்திலேயே சாய்ந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இன்பமணி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், கடைசியில் மூச்சு வாங்கித் தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து மருமகள் வரும்வரை ஒன்றரை மணி நேரம் ஒருத்தி கிடந்தாள், ஒருத்தி அவள் தலைமாட்டில் இருந்து ஈ விரட்டினாள். அம்பாசமுத்திரத்து டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, நோய் என்று ஒன்றும் இல்லை, உட்கார்ந்து உட்கார்ந்து தசை கரைந்துவிட்டது, நடந்தால் தேறும், நடக்காவிட்டால் அடுத்த தடவை விழுவது இப்படி லேசாகப் போகாது என்று சொல்லி அனுப்பினார்.

இந்தச் சேதி கோயம்புத்தூரில் இருந்த மகள் முத்துராணிக்குப் போனபோதுதான் விஷயம் பெரிதானது. முத்துராணி நர்ஸ். புருஷனை இழந்த செல்லக்கிளி பீடி சுற்றியே படிக்கவைத்த ஒரே பிள்ளை. அவள் புருஷன் பெருமாள்ராஜ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் எட்டு மாதம் தேறாது. அவனும் அலையாய் அலைந்து அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலைக்கு வழி பண்ணியிருந்தான். வைகாசி முடிவதற்குள் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாக்காரி முற்றத்தில் விழுந்து வைத்தாள்.

மகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அம்மா தன் காலில் எழுந்து நடமாடுகிறாள் என்று தெரிந்தால் மஸ்கட். இல்லையென்றால் மஸ்கட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்துக்கொள்வாள். தன் கால் விளங்காமல் போவதைப் பற்றிக்கூடச் செல்லக்கிளிக்கு அவ்வளவு கவலை இல்லை. தன் காலால் மகளுடைய வாழ்க்கை நின்றுபோகுமே என்பதுதான் அவளை அரித்தது.

தைப் பொங்கலுக்கு வந்த முத்துராணி கறுப்பில் ஒரு கைப்பட்டையைக் கொண்டுவந்தாள். கடிகாரம் போலத்தான் இருந்தது. எத்தனை எட்டு நடந்தாய் என்று எண்ணும், நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று பார்க்கும், மாடத்தில் இருக்கிற செல்போன் வழியாக அத்தனையையும் கோயம்புத்தூருக்குச் சொல்லிவிடும். ராத்திரியிலும் கழற்றக் கூடாது. ஒரு நாளைக்கு நாலாயிரம் எட்டு வர வேண்டும். அதோடு, நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து பழகவும் சொல்லிக்கொடுத்தாள். முடியாவிட்டால் நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு உயரமாக்கிக்கொள்ள வேண்டும், கால் தேறத் தேற ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். செல்லக்கிளி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். மகள் பஸ் ஏறியதும் தலையணைகள் கட்டிலுக்குப் போய்விட்டன.

ஆனால் பட்டை ஏமாற்றவில்லை. முதல் நாளே ஐயாயிரத்துச் சொச்சம் காட்டியது. மறுநாள் ஆறாயிரம். அடுப்படிக்கும் குழாயடிக்கும் போய்வந்ததே இவ்வளவு ஆகிவிட்டதா என்று செல்லக்கிளிக்கே மலைப்பாக இருந்தது. முத்துராணி போனில் குதியாகக் குதித்தாள். வார்டில் இருக்கிறவர்களிடமெல்லாம் எங்கம்மா ஆறாயிரம் நடக்கிறாள் என்று பீற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். பெருமாள்ராஜ் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு, அத்தை என்னைவிட அதிகமாக நடக்கிறீர்கள் என்றான். செல்லக்கிளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாசியில் ஒருநாள் குட்டு உடைந்தது. பீடிக்கடையில் அவசரமாகக் கேட்டார்கள் என்று விடிந்ததிலிருந்து இரண்டு பேரும் இடத்தைவிட்டு அசையவில்லை. உச்சி வெயில் ஏறியபோது இன்பமணி, எவ்வளவு ஆகியிருக்கிறது என்று சும்மா கேட்டுவைத்தாள். செல்லக்கிளி கையைத் திருப்பிப் பார்த்து நாலாயிரத்து எண்ணூறு என்றாள்.

இன்பமணி உருட்டிக்கொண்டிருந்த பீடியைச் சுளகில் போட்டுவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நீ எப்பட்டி நடந்த? காலைலருந்து இங்கனதான இருக்க."

செல்லக்கிளி கையை அசைக்காமல் மடியில் வைத்துப் பார்த்தாள். எண் நகரவில்லை. பத்து பீடி சுற்றினாள். எண்ணில் எண்பதுக்கு மேல் கூடிவிட்டது. கை குலுங்குவதையெல்லாம் அந்தச் சனியன் கால் எட்டென்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பேரும் முதலில் சிரித்தார்கள். இன்பமணி சிரித்துச் சிரித்து இருமினாள். அப்புறம் செல்லக்கிளி எழுந்திருக்கப் பார்த்தாள். வேம்பைப் பிடித்து, மூன்று தரம் எக்கி, அப்புறம்தான் எழ முடிந்தது. அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வாயை மூடிக்கொண்டிரு என்று இன்பமணி சொல்லிப் பார்த்தாள். பிள்ளை நிம்மதியாக இருக்கிறாள், போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும், கர்த்தர் பார்த்துக்கொள்வார். செல்லக்கிளிக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையைச் சொன்னால் முத்துராணி அந்த நிமிஷமே மஸ்கட்டைக் கைகழுவிவிடுவாள். சொல்லாமல் விட்டால், இல்லாத காலை நம்பிக் கடல் கடந்து போவாள். அம்மா முற்றத்தில் விழுந்து கிடக்கிறாள் என்று ஒருநாள் அங்கே சேதி போகும். இரண்டும் ஆகாது. இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்துவிட்டு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வைகாசிக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது. பொய்யைச் சொல்லியாகிவிட்டது, இனி அதை உண்மையாக்கிவிட வேண்டியதுதான்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. நடக்கப் போனால் பீடி சுற்ற முடியாது. பீடி சுற்றாவிட்டால் எண் முந்நூறு நானூறுக்கு விழுந்துவிடும். விழுந்தால் மகள் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். அதற்கும் வழி கண்டாள். காலையில் பட்டையைக் கழற்றி இன்பமணியின் கையில் மாட்டிவிட்டாள். இன்பமணி எப்படியும் பொழுதடையும்வரை சுற்றத்தான் போகிறாள். எண் தன்பாட்டுக்கு ஏறட்டும். ராத்திரி மட்டும் வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டால் போதும். ஊரில் யாருக்கும் தோன்றாத இந்த யோசனை தனக்குத் தோன்றியதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அப்படியாகப் பட்டை உட்கார்ந்தே ஏழாயிரம் நடந்தது. செல்லக்கிளி பட்டை இல்லாமல் நடந்தாள். அவள் எட்டுகளை எண்ண யாரும் இல்லை. அவளுக்கு அந்த மிஷின் மேல் நம்பிக்கையும் போய்விட்டது. பீடி கட்டுகிற நூலில் ஒரு முழத்தை விரலில் சுற்றிக்கொண்டு கிளம்புவாள். ஒரு கரண்டுக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு ஒரு முடிச்சு. முதல் நாள் நாலு முடிச்சு. ஒவ்வொரு கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே வந்தவர்கள் எல்லாரும், எக்கா, எதையும் தொலைச்சிட்டியா என்று கேட்டார்கள். ஆமாம், தேடுகிறேன் என்று சொல்லிவைத்தாள்.

பங்குனியில் பத்து முடிச்சு ஆனது. சித்திரை பிறந்தபோது வாய்க்கால் பாலம்வரை போய்த் திரும்பினாள். பதினெட்டு. வெயில் ஏறுவதற்கு முன் ஒரு தரம், இறங்கிய பின் ஒரு தரம். அதுவரை யாராவது வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிவந்த பீடிக்கட்டுகளைத் தானே கடைக்குச் சுமந்து போனாள், இலையும் தூளும் தானே வாங்கிவந்தாள். கட்டிலுக்குப் போன தலையணைகள் நாற்காலிக்குத் திரும்பின. கையை மார்பில் கட்டிக்கொண்டு எழ முயன்றால் முதல் வாரம் உடம்பு அசைந்தே கொடுக்கவில்லை. தொடை நடுங்கும், மறுநாள் படியில் கால் வைக்க முடியாது. ஆத்திரத்தில் அழுதிருக்கிறாள். அழுதுவிட்டு மறுபடி உட்கார்ந்து எழுவாள். ஒரு தலையணை போனது. இன்னொன்றும் போனது. ஒருநாள் காலையில் வெறும் நாற்காலியிலிருந்து ஐந்து தரம் எழுந்து முடித்து, சொல்ல ஆளில்லாமல் முற்றத்துக்கு ஓடிப்போய் இன்பமணியிடம் சொன்னாள். ஓடித்தான் போனாள். அது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது.

இன்பமணிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் முன்னைப்போல் சண்டைக்கு வருவதில்லை. பாதிப் பேச்சில் நிறுத்தி நெஞ்சைத் தடவிக்கொள்வாள். என்ன என்று கேட்டால் தூள் நெடி என்பாள். பீடி சுற்றுகிற தெருவில் தூள் நெடி யாருக்குத்தான் இல்லை என்று செல்லக்கிளியும் விட்டுவிட்டாள்.

சித்திரைக் கடைசியிலிருந்து மகளின் பேச்சு மாறியது. முன்னெல்லாம் எண்ணைச் சொல்லிக் குதிப்பவள், இப்போது அதைப் பற்றியே பேசவில்லை. மூச்சு வாங்குகிறதா, படபடவென்று வருகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். ஒன்றும் இல்லையே என்று செல்லக்கிளி உள்ளதைத்தான் சொன்னாள். அப்படியானால் பைய நட, இவ்வளவு நடக்க வேண்டாம், இரண்டாயிரம் போதும் என்றாள். நாலு நாள் கழித்து, நடக்கவே வேண்டாம், சும்மா இரு என்றாள். நாலாயிரம் நடக்காவிட்டால் தொலைத்துவிடுவேன் என்று சொன்ன பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று செல்லக்கிளிக்கு விளங்கவில்லை. அங்கே போவதில் மனம் விட்டுப்போனதோ, மாப்பிள்ளையோடு ஏதும் மனத்தாங்கலோ என்று கண்டதையும் நினைத்துக் குழம்பினாள். குழப்பத்தில் இரண்டு முடிச்சு கூடுதலாக நடந்தாள்.

வைகாசி பத்தாம் தேதி காலை. பாலத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். தெருமுனைக் கம்பத்தைத் தாண்டும்போதே முற்றத்தில் வேம்புக்குக் கீழ் யாரோ குனிந்திருப்பது தெரிந்தது. கிட்டே வந்து பார்த்தால், முத்துராணி. பக்கத்தில் பயணப் பை. இன்பமணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தாள். அந்தக் கையில் கறுப்புப் பட்டை.

செல்லக்கிளி திருட்டு மாங்காயோடு பிடிபட்ட சிறுபிள்ளை மாதிரி நின்றாள். சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வாயிலிருந்து கொட்டியது. கை அசைந்தால் எண்ணுகிறது, எனக்குத் தெரியாது, தெரிந்த பிறகு மறைத்தேன், நீ போகாமல் இருந்துவிடுவாய் என்று. முத்துராணி இன்னொரு கையை உயர்த்திப் பொறு என்று சைகை காட்டினாள். அவள் இன்பமணியின் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முழு நிமிஷம். அப்புறம் இன்னொரு நிமிஷம்.

பிடித்த கையை விடாமலே அம்மாவைப் பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்திருக்கிறாள் போல.

"ரெண்டு மூணு வாரமா ராத்திரி நெஞ்சு ஒழுங்கா அடிக்கு. விடிஞ்சா நூத்திமுப்பது, நூத்திநாப்பது, அதுவும் தாறுமாறா. நீ நடக்கப் போயிதான் இப்படி ஆவுதுன்னு நெனச்சேன்மா. நடக்கச் சொன்னது நான்லா. நானே ஒன்னக் கொல்லுதேன்னு நெனச்சேன்."

மஸ்கட் வேலை வேண்டாம் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டாளாம், அனுப்புவதுதான் பாக்கி. அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றுதான் லீவு போட்டு ஓடிவந்திருக்கிறாள். செல்லக்கிளி பொய்யை எதற்காகச் சொன்னாளோ, அதையே அந்தப் பொய் தின்னப் பார்த்திருக்கிறது. மகளை அனுப்பிவைக்க என்று மூன்று மாதம் நடந்தவள், கடைசியில் அவளைப் பயத்தில் வேகவைத்திருக்கிறாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அந்த அடி எனக்கா?" என்று இன்பமணி கேட்டாள். இரண்டு பேரும் அவளை மறந்தே போயிருந்தார்கள்.

முத்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸ் ஆனாள். எத்தனை நாளாகப் படபடப்பு, படுத்தால் எப்படி, கால் வீங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். இன்பமணி தூள் நெடி என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி, தீபாவளியிலிருந்தே எப்போதாவது வரும், இந்த இரண்டு மூன்று வாரமாக விடாமல் வருகிறது, மருமகளிடம் சொன்னால் வேலைக்கு லீவு போட்டுவிடுவாள் என்று சொல்லவில்லை என்றாள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது, இப்படி நெஞ்சு தப்பித் துடித்துக்கொண்டே இருந்தால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனாலும் போகும் என்று முத்துராணி சொன்னாள். இன்றைக்கே திருநெல்வேலிக்குப் போய்க் காட்ட வேண்டும். மருந்து ஆரம்பித்தால் கொஞ்ச நாளைக்கு வாராவாரம் போய் ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும். இன்றைக்கு நானே கூட்டிப்போகிறேன், நாளை ராத்திரிக்குள் கோயம்புத்தூர் திரும்ப வேண்டும், அதற்கப்புறம் யார் என்று கேட்டாள்.

"எனக்காண்டி யாரும் அலைய வேண்டாம்" என்றாள் இன்பமணி.

"சும்மா கெட எக்கா" என்றாள் செல்லக்கிளி. "நான் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு இன்பமணிக்குப் பக்கத்தில் தரையில் குந்தினாள். மடியிலிருந்த சுளகை எடுத்து ஓரமாக வைத்தாள். கழுத்தைச் சுற்றிக் கையைப் போடச் சொன்னாள். ஒரு கையால் இன்பமணியின் இடுப்பை வளைத்துக்கொண்டு, மறு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு எடுத்து எழுந்தாள். முழங்கால் நடுங்கியது. பாதி எழும்போது ஒரு கணம் அப்படியே நின்றது. இரண்டு கையிலும் இன்பமணி இருந்ததால் தரையில் ஊன்ற அவளுக்குக் கை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கூடவே இன்பமணியும் எழுந்தாள்.

உதவிக்குக் கையை நீட்டிக்கொண்டு வந்த முத்துராணி, நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். அவள் பார்வை அம்மாவின் முகத்தில் இல்லை. தொடையில், முழங்காலில், மண்ணில் பதிந்திருந்த இரண்டு பாதத்தில் இருந்தது.

"பைய. அவசரம் இல்ல. பஸ்ஸு ஒம்பதே காலுக்குத்தான்" என்று செல்லக்கிளி இன்பமணியை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டு, மாற்றுச் சேலை எடுக்க உள்ளே திரும்பினாள். வாசலில் மகள் மறித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வயதுப் பிள்ளை, பரீட்சைக்குப் போகும்போது நிற்பாளே, அப்படி நின்றாள்.

"எம்மா, அப்ப நான் மஸ்கட்டுக்குப் போட்டா?"

ஆறு மாதமாகச் செல்லக்கிளி காத்துக் கிடந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். அது வந்தபோது அவளுக்கு ஏன் போக வேண்டும் என்று இருந்தது. கோயம்புத்தூர் என்றால் ராத்திரி ஏறினால் காலையில் வந்துவிடலாம். மஸ்கட் என்றால் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வேண்டாம், இங்கேயே இரு என்று சொன்னால் இருந்துவிடுவாள். பிள்ளையின் கன்னத்தில் கிடந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"போயிட்டு வா, மக்கா. அங்க மாப்பிள்ள தனியா இருந்தது போதும்."

முத்துராணி அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். செல்லக்கிளி அசையாமல் நின்று அந்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டாள்.